பளபளப்பு எஞ்சினுக்கு ஆகாது

காரைக்குடி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஜெனரேட்டருக்குப் புது ரிங் போட்டோம். லைனரை எமரி பேப்பரால் கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொடுத்தார்கள். இன்னும் ஆயில் குடிக்கிறது, நீலப் புகை நிற்கவில்லை. ஏன்?"

கண்ணாடி மாதிரி தேய்த்ததுதான் வினை. கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்தெடுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கு வழவழப்பு அழகு. பிஸ்டன் ஓடும் உட்சுவரான லைனருக்கு அது கேடு. பிஸ்டன் வேகமாக ஓடும்வரை ஆயில் படலம் ரிங்கைத் தாங்கிக்கொள்ளும். மேல் முனையிலும் கீழ் முனையிலும் பிஸ்டன் கணநேரம் நின்று திரும்பும்போது படலம் மெலிந்து, உலோகத்தோடு உலோகம் உரசும். அங்கே கைகொடுப்பவை ஹோனிங் கல் இழுத்த குறுக்குக் கோடுகள். சில மைக்ரான் ஆழந்தான். அதற்குள் ஆயில் தங்கும். புது ரிங் லைனரோடு படிந்து பொருந்தவும் அந்தச் சொரசொரப்பு வேண்டும். கோடுகள் பெரும்பாலும் 45 முதல் 60 டிகிரியில் வெட்டிக்கொள்ளும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது குரோமியம் சமாச்சாரம். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊருக்கு மின்முலாம் புதிதல்ல. லைனருக்குள் பூசும் குரோமியம் முலாம் லேசில் தேயாது. ஆனால் அதன்மேல் ஆயில் சரியாகப் படராது. வான் டெர் ஹார்ஸ்ட் என்ற டச்சுக்காரர் இதற்கு ஒரு வழி கண்டார்: முலாம் பூசி முடித்ததும் மின்னோட்டத்தைத் திருப்பிவிடுவது. பூசிய குரோமியம் கொஞ்சம் கரையும்; முலாமில் இயல்பாகவே உள்ள நுண்வெடிப்புகள் வாய் விரியும். ஒவ்வொரு வெடிப்பும் ஆயில் தேங்கும் இடமாகிவிடும். பாடுபட்டுப் பூசியதை உடனே அரிக்கவிட ஒரு துணிச்சல் வேண்டும்! 1990களில் இஸ்ரேல் ஆய்வாளர் எட்சியன் இதே காரியத்தை லேசரால் குழி போட்டுச் சாதித்தார்.

நம் ஆட்களோ இருக்கிற கோட்டையும் அழிக்கிறார்கள். கல்யாண வீட்டில் நாலு விளக்குக்காகப் பெரிய ஜெனரேட்டரை விடிய விடிய ஓடவிடுவதும் அதே தப்புதான். லோடு குறைந்தால் ரிங்கை லைனரோடு அழுத்தும் வாயுவின் விசை குறையும். எரிந்த ஆயில் கோடுகளில் படிந்து லைனர் மினுங்கத் தொடங்கும்.

அடுத்த முறை ஹெட்டைக் கழற்றினால் டார்ச் அடித்துப் பாருங்கள். வார்ப்பிரும்பு லைனரில் குறுக்குக் கோடு தெரியாவிட்டால், ஹோனிங் செய்யாமல் ரிங் மாட்ட விடாதீர்கள். குரோமியம் பூசிய லைனர் என்றால் குரோம் ரிங்கும் வேண்டாம்.