நோய் ஓரிடம், நோவு ஓரிடம்

தில்லியில் என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் முதுகுவலியால் இரண்டு மாதம் அவதியுற்றார். மருந்துக் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி விழுங்கிவந்தார். குணம் காணாமல், இயன்முறைச் சிகிச்சை பெறச் சென்றார். அங்கிருந்த அம்மையார் அவரைக் குனியவும் நிமிரவும் திரும்பவும் செய்து பார்த்தார். எந்த அசைவிலும் வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. உடனே அவர் கேட்டார்: "உணவு உண்டால் வலி தணிகிறதா? மலம் கறுப்பாகப் போகிறதா?" இரண்டுக்கும் நண்பர் "ஆம்" என்றார். அன்று மாலையே அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முன்சிறுகுடலில் புண், அதிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

நொந்தது முதுகு, நோயோ வயிற்றில். இஃது எவ்வாறு நேர்கிறது என்பதை அறிய, உணவு செல்லும் வழியைச் சற்றே பின்தொடர்வோம்.

வாயில் மென்று உமிழ்நீருடன் கலந்த கவளம், ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் வழியே இரைப்பையை அடைகிறது. அக்குழாயின் அடியில் ஒரு சுருக்குத் தசை உண்டு. உணவை உள்ளே விட்டபின் வாயிலை அடைப்பது அதன் வேலை. இரைப்பை நாள்தோறும் சுமார் இரண்டு லிட்டர் நீரைச் சுரக்கிறது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் மிகவும் கடுமையானது. இரைப்பையின் உட்சுவரை அந்த அமிலம் அரிக்காதவாறு ஒரு சளிப் படலம் காக்கிறது. கூழாகிய உணவு பின்னர்ச் சிறிது சிறிதாக முன்சிறுகுடலுக்குள் செல்ல, அங்கே பித்தநீரும் கணைய நீரும் வந்து கலக்கின்றன.

சுருக்குத் தசை தளர்ந்தால் அமிலம் மேலேறும். நெஞ்சு கரிக்கும், புளித்த நீர் தொண்டைக்கு எதுக்களிக்கும். வயிறு நிறைய உண்டவுடன் படுப்பதும் குனிவதும் இதை வளர்க்கும். ஆகவே உடற்பயிற்சி கற்பிப்போர், உண்டு இரண்டு மூன்று மணி நேரம் கழியும் முன்னர் நோயாளியை மல்லாந்து படுக்கவைத்துப் பயிற்சி தருதல் கூடாது. இரவில் இத்தொல்லை உள்ளவர்கள் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக்கொள்வதும், இடப்பக்கமாகப் படுப்பதும் நலம்.

சளிப் படலம் பழுதுற்றால் புண் உண்டாகும். காரமும் கவலையுமே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் எண்ணினர். ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகிய மருத்துவர்கள் 1982-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை இரைப்பையிலிருந்து எடுத்து வளர்த்துக் காட்டினார்கள். பிறர் நம்ப மறுக்கவே, 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று தக்க மருந்துகளால் இக்கிருமியை ஒழிக்க முடிகிறது.

புண்ணுக்கு மற்றொரு பெருங்காரணம் வலி மாத்திரை. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை வலியைத் தூண்டும் பொருள்களைத் தடுக்கும்போதே, சளிப் படலத்தைக் காக்கும் பொருள்களையும் தடுத்துவிடுகின்றன. ஊசியாகப் போட்டாலும் இத்தீங்கு நேரலாம். முதுகுவலிக்கென உண்ட மருந்து வயிற்றைப் புண்ணாக்க, வயிற்றுப் புண் மீண்டும் முதுகில் வலிக்க, அதற்காக மேலும் மாத்திரை உண்ண, இப்படி ஒரு நச்சுச் சுழல் உண்டாகிறது.

வயிற்று நோவு முதுகுக்கு ஏன் வருகிறது? உள்ளுறுப்புகளின் நரம்புகளும் தோல், தசை ஆகியவற்றின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஒரே பையில் வந்த இரண்டு ஊர்க் கடிதங்களைப் போல, செய்தி எங்கிருந்து வந்தது என்பதில் மூளை தடுமாறுகிறது. அதனால் முன்சிறுகுடற் புண்ணும் கணைய அழற்சியும் நடுமுதுகில் நோகலாம். பித்தப்பை நோய் வலத் தோளிலும் தோள்பட்டை எலும்பின் அடியிலும் நோகலாம்.

ஆகவே தசையைத் தொடுமுன் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். அசைவால் வலி மாறுகிறதா? உணவால் மாறுகிறதா? இரவில் எழுப்புகிறதா? என்னென்ன மாத்திரை உண்கிறீர்கள்? கறுத்த மலம், இரத்த வாந்தி, விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் தாமதமின்றி அனுப்புதல் வேண்டும். நெஞ்சு வலியோடு வியர்வையோ மூச்சுத் திணறலோ, கைக்கும் தாடைக்கும் பரவும் நோவோ இருந்தால் அதை அஜீரணம் என்று தள்ளாமல், மாரடைப்பாக இருக்கலாமெனக் கருதி அக்கணமே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் மருத்துவரிடம் எல்லாவற்றையும் "கேஸ்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நானும் அவ்வாறு சொன்னவனே. கரிப்பு, எதுக்களிப்பு, உப்புசம், குத்தல், பிசைதல் எனத் தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. அவ்வூர் மொழியில் அச்சொற்கள் வாராவிடில், எங்கே, எப்போது, எதை உண்டபின் என்னும் மூன்றையேனும் விளங்கச் சொல்வோம். என் நண்பரைக் காத்தவை ஒரு கேள்வியும் அதற்கு அவர் மறைக்காமல் அளித்த விடையுமே.