காசில் போட்ட வருஷம் எந்தக் கணக்கு?



எங்க ஆச்சியின் சுருக்குப் பையில் ஒரு வெள்ளிக் காசு இருக்கிறது. நடுவில் சங்கு படம். அதில் 1116 என்று வருஷம் போட்டிருக்கும். ஆச்சிக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அவங்க அம்மா கொடுத்த காசு அது.

நான் அதை வகுப்பில் காட்டினேன். உடனே ஒருத்தி, "1116-ன்னா குலோத்துங்க சோழன் காலம்டீ! தொள்ளாயிரம் வருஷக் காசு!" என்றாள். வீட்டில் வந்து சொன்னேன். அப்பா காசைப் படம் எடுத்துப் பழைய காசு வாங்குவதாகச் சொன்ன ஒருவருக்கு அனுப்பினார். அந்த ஆள் போனில், "சோழர் காசுதான், மூன்று லட்சம் கிடைக்கும். முதலில் பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் கட்டுங்க" என்றார். அந்த மாச வாடகைக்கு வைத்திருந்த பணத்தை அப்பா எடுத்து எண்ணிக்கொண்டு இருந்தார்.

மறுநாள் காலையில் சமூக அறிவியல் டீச்சரிடம் காட்டினேன். அவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "வருஷம் சரி, அது எந்த ஆண்டுக் கணக்கு?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாக் காசிலும் கி.பி. கணக்கு இருக்காது. நம்ம ஊரிலேயே பல கணக்கு உண்டு.

கொல்லம் ஆண்டு: இது கி.பி. 825-ல் தொடங்கியது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ந் தேதிதான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே கொல்லம் ஆண்டுதான் வழக்கம். சங்கு அந்த சமஸ்தானத்தின் சின்னம். கொல்லம் வருஷத்தோடு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். ஏன் இரண்டு எண்? கொல்லம் வருஷம் ஆவணியில் பிறக்கிறது, நம் காலண்டர் ஜனவரியில் பிறக்கிறது. அதனால் 1116 என்பது 1940 ஆகஸ்டு முதல் 1941 ஆகஸ்டு வரை. ஆச்சியின் காசு சோழர் காசு இல்லை, அரை ரூபாய்!

ஹிஜ்ரி ஆண்டு: ஐதராபாத் நிஜாம் காசுகளில் இது இருக்கும். இது சந்திரனை வைத்துப் போடும் கணக்கு. ஒரு வருஷத்துக்கு 354 நாள்தான், நம் வருஷத்தைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் சும்மா கூட்டினால் தப்பு வரும். 0.97-ஆல் பெருக்கி, பிறகு 622 கூட்டுங்கள். உதாரணம்: சார்மினார் படம் போட்ட காசில் 1330. பெருக்கினால் 1290, கூட்டினால் 1912. எண்கள் அரபு எழுத்தில் இருக்கும். அதில் சுழியம் ஒரு புள்ளி மாதிரி இருக்கும், ஐந்துதான் நம் சுழியம் மாதிரி வட்டமாக இருக்கும். ஏமாந்து விடாதீர்கள்!

திப்பு சுல்தான் கணக்கு: இவர் புதிதாக ஒரு ஆண்டுக் கணக்கையே கொண்டுவந்தார். எண்களையும் வலமிருந்து இடமாக எழுதச் சொன்னார். 1215 என்பதை நாம் நம் வழக்கப்படி படித்தால் 5121 என்று வரும்!

கொரியா நாட்டுக் கணக்கு: அங்கே 1392-ல் ஜோசோன் அரச வம்சம் தொடங்கியது. 1890-களில் அடித்த சில காசுகளில் "நாடு தொடங்கிய 501-ம் ஆண்டு" என்று சீன எழுத்தில் இருக்கும். 1391 கூட்டினால் 1892. பிறகு 1897-ல் ராஜா தன்னைச் சக்கரவர்த்தி என்று அறிவித்ததும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. ராஜா மாறினால், ஆட்சி மாறினால், காசில் வருஷமும் மாறும். அதனால்தான் காசு ஒரு சின்ன வரலாற்றுப் புத்தகம் என்கிறேன்.

இன்னொரு விஷயம். கணக்கைச் சரியாகப் போட்டாலும் காசே பொய் சொல்லும்! கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் ஆற்காடு ரூபாய் அடித்தது. அதில் ஹிஜ்ரி 1172, அதாவது 1758-59. பேர் முகலாயச் சக்கரவர்த்தி இரண்டாம் ஆலம்கீர். அவர் 1759-லேயே இறந்துவிட்டார். ஆனால் 1800-க்குப் பிறகும் அதே வருஷம், அதே பேர் போட்டு அடித்தார்கள். மக்களுக்குப் பழகின காசு மாறக்கூடாது என்றுதான். விக்டோரியா ராணியின் 1862 ரூபாயையும் பல வருஷம் அதே 1862 போட்டே அடித்தார்கள். ஆகவே காசில் உள்ள வருஷம் "இதற்கு முன்னால் அடித்தது இல்லை" என்றுதான் சொல்லும். அதே வருஷம்தான் அடித்தது என்று எப்போதும் சொல்ல முடியாது.

சரி, எங்க வீட்டுக் கதைக்கு வருகிறேன். சாயங்காலம் ஓடிப்போய் அப்பாவிடம் கணக்கைப் போட்டுக் காட்டினேன். நல்லவேளை, பணம் இன்னும் அனுப்பவில்லை. அந்த ஆளிடம், "இது கொல்லம் வருஷம், 1941 காசு" என்று அப்பா சொன்னதும் போன் கட்! பழைய காசு வாங்குகிறோம் என்று கட்டணம், கமிஷன், வரி கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரிக்கை செய்திருக்கிறது என்று டீச்சர் சொன்னாங்க. உங்க வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

மூன்று லட்சம் போச்சே என்று அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆச்சி மட்டும் சிரிச்சாங்க. "நான் எப்ப விக்கச் சொன்னேன்?" என்று கேட்டுக் காசை வாங்கிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாங்க.

செய்து பாருங்கள்: உங்கள் ஒரு ரூபாயில் வருஷத்துக்குக் கீழே பாருங்கள். டைமண்ட் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. அங்கே அடித்த காசு அது. தாம்பரத்தில் ரயில் ஏறினால் எழும்பூர். அங்கே அரசு அருங்காட்சியகத்தில் பழைய காசுகளைப் பார்க்கலாம்.

புதிர்: ஒரு திருவிதாங்கூர் காசில் 1107. அது கி.பி. எந்த ஆண்டு? விடை தெரிந்தவர்கள் இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி