அடங்கும் ஓசை: பியானோவும் மன அமைதியும்

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தியதும், கம்பளி ஒட்டிய மரச் சுத்தியல் ஒன்று உள்ளே எழும்பி, கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகிவிடுகிறது. கட்டையிலிருந்து விரலை எடுக்காதவரை கம்பி தானாக அதிர்ந்துகொண்டிருக்கும். ஆனால் தட்டிய கணத்தில் இருந்த ஓசை அடுத்த கணத்தில் இருப்பதில்லை, குறையத் தொடங்கிவிடுகிறது. நாதசுரக்காரர் மூச்சைக் கூட்டியும் வயலின்காரர் வில்லை அழுத்தியும் ஒரு ஸ்வரத்தை வளர்த்துக்கொண்டே போகலாம். பியானோ வாசிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. தட்டியது தட்டியதுதான். தியானத்துக்கும் ஓய்வுக்கும் பியானோ இசையை உலகமெங்கும் நாடுவதற்கு ஒரு காரணம், ஒவ்வொரு ஸ்வரமும் பிறந்ததுமே அடங்கத் தொடங்கும் இந்த இயல்பு எனலாம்.

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் 1700-ஐ ஒட்டி பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி இந்தக் கருவியை உருவாக்கினார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டு கம்பியைச் சுண்டும் கருவி. விரலை எப்படி வைத்தாலும் அதன் ஓசை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். சுத்தியல் வந்த பிறகு, மெல்ல அழுத்தினால் மெல்லிய ஓசை, ஓங்கி அழுத்தினால் பேரோசை என்றாகி, வாசிப்பவரின் கைக்கனம் கேட்பவரின் காதுக்கு வந்து சேர்ந்தது. இன்றைய பியானோவில் 88 கட்டைகள், ஏறத்தாழ 230 கம்பிகள். அத்தனை கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை 18 முதல் 20 டன் வரை வரும் என்பதால் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் தாங்கி நிற்கிறது.

காலடியில் இருக்கும் வலது பெடலை மிதித்தால், கம்பிகளின் மேல் படிந்திருக்கும் தடுப்பான்கள் எல்லாம் ஒன்றாக உயர்ந்துகொள்ளும். அப்போது தட்டிய கம்பி மட்டும் அதிர்வதில்லை, அதற்கு இசைவான மற்ற கம்பிகளும் லேசாக முனகத் தொடங்கும். தம்பூரா மீட்டும்போது அறையில் பரவும் கார்வைக்குப் பியானோவில் மிக நெருங்கி வருவது இதுதான். மனத்தைத் தணிக்கும் வாசிப்பு பெரும்பாலும் இந்தப் பெடலை நம்பியே இருக்கிறது. இடக்கை ஒரே கோலத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும். வலக்கை நாலைந்து ஸ்வரங்களை இடைவெளி விட்டு வைக்கும். திடீரென்று ஓங்கி ஒலிப்பது எதுவும் இருக்காது.

மேலை இசையில் இந்த வழிக்கு ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சத்தி 1888-இல் எழுதிய 'ஜிம்னோபெதி' என்னும் மூன்று சிறு துண்டுகள் இன்றைக்கும் ஓய்வுக்கான இசைத் தொகுப்புகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. பிரையன் ஈனோ 1978-இல் விமான நிலையங்களுக்கென்றே அமைதியான இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். மாக்ஸ் ரிக்டர் 2015-இல் தூக்கத்துக்குத் துணையாகும் எட்டு மணி நேரப் படைப்பைத் தந்தார். ஆனால் தமிழ்க் காதுக்குப் பியானோ எப்படிச் சேர்கிறது என்பதைப் பார்க்க, அந்தத் துண்டுகளை விடக் கருவியின் கறுப்புக் கட்டைகளே நல்ல வழிகாட்டி.

நம் பாடகர்கள் சுருதியைச் சொல்வதே கட்டைக் கணக்கில்தான். வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு என்று முழு எண்களில் போகும், கறுப்பு இடையில் 'அரை' சேர்த்து வரும். நாலரைக் கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் கிடைப்பது மோகனம். முல்லைப்பண் என்று இசை ஆய்வாளர்கள் அடையாளம் காட்டும் அதே ஐந்து ஸ்வரங்கள். அதே கட்டைகளை ஐந்தரையிலிருந்து தொடங்கினால் மத்யமாவதி. ஆறரையிலிருந்து இந்தோளம், ஒன்றரையிலிருந்து சுத்த சாவேரி, இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி. ஒரு வெள்ளைக் கட்டையைக்கூடத் தொடாமல் ஐந்து ராகங்களின் ஸ்வர வரிசைகள் கிடைத்துவிடுகின்றன. இந்த ஐந்து கட்டைகளில் எந்த இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதில்லை. அதனால் பெடலை மிதித்தபடியே வாசித்தாலும் ஓசைகள் ஒன்றோடொன்று மோதிக் கரகரப்பதில்லை. பயிற்சியே இல்லாத ஒரு சிறுமி கறுப்புக் கட்டைகளில் கை போனபோக்கில் தட்டினாலும் இனிமையாகவே கேட்கும். தியான இசை என்ற பெயரில் வருவனவற்றில் ஐந்து ஸ்வர அடுக்குகள் மிகுதியாக இருப்பதற்கு இது ஒரு காரணம் எனலாம்.

கிடைப்பது ராகத்தின் எலும்புக்கூடுதான் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகம் பியானோவில் வராது. தாலாட்டுக்குரிய நீலாம்பரி அதன் அசைவுகளில்தான் உயிரோடு இருக்கிறது. கட்டைகளில் வைத்தால் அது வேறு ஏதோ பாட்டாகிவிடும். ஹார்மோனியத்தின் மீதும் இதே குறைதான் சொல்லப்பட்டது. 1940-இல் அகில இந்திய வானொலி அதற்கு விதித்த தடை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது.

நிலையான கட்டைகளின் இந்தக் குறை, ஸ்வரங்களை எப்படிப் பிரிப்பது என்ற விவாதத்தோடும் தொடர்புடையது. அதில் ஆழமாக இறங்கியவர்களில் ஒருவர், இன்றைய தென்காசி மாவட்டத்தின் சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவராகத் தஞ்சாவூரில் பெயர் பெற்ற இவர், கர்நாடக இசையோடு மேலை இசையையும் கற்றவர். தாம் ஈட்டிய பொருளை இசை மாநாடுகளுக்குச் செலவிட்டார். ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதிகள் என்ற மரபான கணக்கை மறுத்து 24 என்று நிறுவ முயன்றார். அந்த உழைப்பு 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரு நூலாக வெளிவந்தது. மருந்தும் இசையும் ஒருவரிடமே இத்தனை ஆழத்தில் சேர்ந்திருந்தது தமிழ்நாட்டின் பெருமை.

கமகம் வராத கருவியைக் கர்நாடக இசையோடு சேர்க்க முடியுமா என்பதற்குச் சென்னையில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. பாடகர் சிக்கில் குருசரணும் பியானோ கலைஞர் அனில் ஸ்ரீநிவாசனும் சேர்ந்து நடத்தும் கச்சேரிகளில், கமகம் முழுவதும் குரலின் பொறுப்பு. பியானோ அதைப் பின்பற்ற முயல்வதில்லை. குரல் நிற்கும் இடங்களில் சில ஸ்வரங்களை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கருவியின் குறையை மறைக்காமல் அதன் கார்வையை மட்டும் பயன்படுத்தும் இந்த முறை, பியானோவை வீணை போல ஒலிக்கவைக்கும் முயற்சிகளைவிடப் பல மடங்கு நேர்மையானது.

இனி உடம்பு. இசையின் வேகம் கூடினால் மூச்சும் நாடித்துடிப்பும் கூடும், வேகம் தணிந்தால் அவையும் தணியும். இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியின் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேருக்கு ஆறு வகை இசை கொடுக்கப்பட்டது. அவற்றில் இந்திய ராக இசையும் ஒன்று. வேகமே முதன்மைக் காரணம் என்று தெரிந்தது. அதோடு எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது: இடையே விடப்பட்ட இரண்டு நிமிட நிசப்தத்தில்தான் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் மிகவும் தணிந்தன. அந்தத் தணிவு இசை தொடங்குவதற்கு முந்தைய நிலையையும் தாண்டிக் கீழே போயிற்று. மெதுவாக அடங்கி இடைவெளி விடும் பியானோ வாசிப்புக்கு இந்த முடிவு நன்றாகப் பொருந்துகிறது.

அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இசை கேட்பது பற்றி 73 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை 2015-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. இசை கேட்ட நோயாளிகளுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மாத்திரையின் தேவையும் குறைந்தது என்பது அதன் முடிவு. தூக்கமின்மைக்கு இசை பற்றி 2022-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 13 ஆய்வுகளில் 1,007 பேரைப் பார்த்துவிட்டு, தூக்கத்தின் தரம் கூடுகிறது என்கிறது. இவை பியானோவுக்கு மட்டும் உரிய பலன்கள் அல்ல, மெல்லிய இசை எதற்கும் பொதுவானவை. வலி குறைவதும் நோய் தீர்வதும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக்கூடாது. இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் மூட்டுவலிக்கு என்று சுற்றிவரும் பட்டியல்களுக்கு இத்தகைய ஆய்வுத் துணை கிடையாது.

432 ஹெர்ட்ஸ் என்ற பேச்சும் அப்படித்தான். 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு, கருவிகளுக்குப் பொது அளவாக 440 ஹெர்ட்ஸை ஏற்றது. அதைச் சற்றே இறக்கி 432-இல் வைத்தால் உடல் குணமாகும் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். ஒரு பாடகர் ஒரு கட்டையிலும் இன்னொரு பாடகி ஐந்தரையிலும் பாட, இரண்டிலும் மனம் உருகும் மரபைச் சேர்ந்தவர்கள் இதற்கு மயங்கவேண்டிய தேவையே இல்லை.

சிறிய ஊர்களில் பியானோ இசை பெரும்பாலும் கைப்பேசி வழியாகத்தான் வந்து சேர்கிறது. வீட்டில் பியானோ வைத்துப் பராமரிப்பது எளிதன்று. வெயிலிலும் ஈரக்காற்றிலும் மரப்பலகை விரிந்து சுருங்கச் சுருதி விலகும், சரிசெய்யப் பெருநகரத்திலிருந்து ஆள் வரவேண்டும். கச்சேரிக் குழுக்களும் தேவாலயங்களும் பயன்படுத்தும் கீபோர்டில், உண்மையான பியானோவின் ஓசையைப் பதிவுசெய்து ஏற்றிய ஒலி கிடைக்கும். எட்டும் விலையில் அதுவே போதும். ஆனால் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த ஸ்வரங்களை விழுங்கிவிடும். பியானோவில் நெடுநேரம் நின்று ஒலிப்பவை அந்தத் தாழ்ந்த கம்பிகளே என்பதால், இசையின் தணிவில் பாதி அங்கேயே தொலைகிறது. காதுக்கருவியோ சிறிய ஸ்பீக்கரோ இருந்தால் வேறுபாடு உடனே தெரியும். ஒலியளவு பேச்சுக்குரலைத் தாண்டவேண்டாம். படுக்கும்போது கேட்பவர்கள், இடையில் விளம்பரம் அலறாதபடி இசையை முன்கூட்டியே இறக்கிவைத்து, அரை மணியில் தானே நிற்கும்படி நேரம் குறித்துக்கொள்வது நல்லது. வார்த்தையற்ற இசை என்பதால் பொருளைத் தேடி மனம் ஓடாது. ஆனால் நன்றாகத் தெரிந்த சினிமாப் பாட்டின் பியானோ வடிவமாக இருந்தால் மனம் வரிகளைத் தானே பாடத் தொடங்கிவிடும். தியானத்துக்கு அறியாத மெட்டே ஏற்றது.

தானே கேட்டு இளைப்பாறுவதும் இசைச் சிகிச்சையும் வேறுவேறு. சிகிச்சை என்பது பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியின் நிலையறிந்து, இசையைத் தேர்ந்து, மருத்துவரோடு சேர்ந்து செய்வது. புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இதற்கெனத் தனி மையமே நடத்துகிறது. நாட்கணக்கில் தூக்கம் வராமலும், காரணமில்லாப் பயம் விலகாமலும், மனச்சோர்வு நீங்காமலும் இருப்பவர்கள் முதலில் போகவேண்டிய இடம் மருத்துவமனை. தமிழக அரசின் 104 எண்ணில் மனநல ஆலோசனையும் கிடைக்கும். மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையை இசைக்காக நிறுத்தக்கூடாது. மாத்திரையோடு சேர்த்து இசை கேட்பதற்குத் தடை எதுவும் இல்லை.