ஐ.சி.யு.வில் இருப்பவருக்கு நீராகாரம் கொடுக்கலாமா?

தஞ்சாவூர்ப் பக்கம் வயலுக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான் காலைச் சாப்பாடு. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. நீராகாரத்தின் லேசான புளிப்பு அவற்றால் வருவதுதான். இந்தப் பழைய சோறு குடல் நோய்க்கு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனை மருத்துவர்களும் ஆய்வில் இறங்கினார்கள்.

அதனால், வீட்டில் ஒருவர் ஐ.சி.யு.வில் படுத்துவிட்டால், "கொஞ்சம் நீராகாரமோ, புரோபயாடிக் மாத்திரையோ கொடுத்தால் கிருமி அண்டாதே?" என்ற கேள்வி எழுவது இயல்பு. மருத்துவர்களுக்கும் அந்த எதிர்பார்ப்பு இருந்தது.

காரணம் உண்டு. வென்டிலேட்டரில் இருப்பவரின் தொண்டை வழியாகக் குழாய் செல்கிறது. அவரால் சரியாக இரும முடியாது. வாயிலும் தொண்டையிலும் உள்ள கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். ஆன்டிபயாடிக் மருந்துகளோ நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கின்றன. காலியான அந்த இடத்தை நல்ல பாக்டீரியாவால் நிரப்பினால் என்ன?

இதைக் கனடா, அமெரிக்கா, சவுதி அரேபியாவில் உள்ள 44 ஐ.சி.யு.க்களில், 2,650 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2021-ல் வெளியானது. புரோபயாடிக் பெற்றவர்களில் 21.9 சதவிகிதம் பேருக்கும், பெறாதவர்களில் 21.3 சதவிகிதம் பேருக்கும் வென்டிலேட்டர் நிமோனியா வந்தது. பலன் இல்லை. அதோடு, மருந்தாகக் கொடுத்த அதே பாக்டீரியா, புரோபயாடிக் பெற்ற 15 பேருக்கு ரத்தம் போன்ற, கிருமியே இருக்கக் கூடாத இடங்களிலோ, மற்ற இடங்களில் முதன்மைக் கிருமியாகவோ காணப்பட்டது. மற்றவர்களில் ஒருவருக்கு மட்டுமே அப்படி.

அப்படியானால் புரோபயாடிக்கே வீணா? இல்லை. ஒடிசா கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு வாரம் கொடுத்துச் சோதித்தபோது, ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸும் மரணமும் 9 சதவிகிதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. 2017-ல் வெளிவந்த ஆய்வு இது. ஆனால், அவை ஓரளவு நல்ல எடையோடு பிறந்த, ஆரோக்கியமான குழந்தைகள். எந்த பாக்டீரியா, யாருக்கு, எந்த நிலையில் என்பதைப் பொறுத்தே பலன்.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை:

* உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கைகளைச் சுத்தம் செய்யுங்கள்.
* சளி, காய்ச்சல் இருந்தால் பார்க்கப் போகாதீர்கள்.
* தலைப்பக்கம் உயர்த்தி வைத்த படுக்கையைத் தாழ்த்தாதீர்கள்.
* மருத்துவரைக் கேட்காமல் தயிர், நீராகாரம், மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.

குணமாகி வீடு திரும்பிய பிறகு, மருத்துவர் சரி என்றால், பழைய சோற்றைத் தாராளமாகப் பரிமாறலாம்.