பன்றிக் காவலும் நிலத்தாரின் இசைவும்

நெற்கதிர் பாற்பருவம் அடைந்த நாள் தொட்டு அறுவடை முடியும்வரை, காட்டோரத்து வயல்களிற் காவல் செய்வோருக்கு உறக்கம் என்பது இல்லை. பன்றிக்கூட்டம் ஒன்று ஓரிரவிற் புகுந்து வெளியேறுமாயின், தின்றதிலும் மிதித்து உழக்கியதே மிகுதியாயிருக்கும். மரவள்ளி, வற்றாளை, கச்சான், சோளம் முதலியவற்றைச் செய்கை பண்ணுவோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கிழங்கு முற்றிவிட்டதென்பதைத் தோட்டக்காரர் அறியுமுன்னரே பன்றி அறிந்துவிடுகின்றது.

இவ்விடரை நீக்கத் துவக்கு உடைய ஒருவரை அழைத்துக் காவல் வைத்தல் நெடுநாளைய வழக்கமாகும். ஒரு வயல்வெளியில் அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருப்போர் மிகச் சிலரே. ஆதலின் ஒருவரே பலருடைய வயல்களைக் காக்கும்படி நேருகின்றது. ஆனால், பன்றியோ வரம்பு பார்த்து நிற்கும் பிராணியன்று. ஒருவர் வயலில் வெடி வைத்தால் அடுத்தவர் வயலுக்குட் பாய்ந்து, அதற்கடுத்த தோட்டத்தின் வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடுகின்றது. துவக்குடன் அதனைத் தொடர்ந்து செல்பவர், தாம் மிதிக்கும் ஒவ்வொரு நிலத்தாரிடமும் இசைவு பெற்றிருக்கின்றாரா என்பதே இங்கு எழும் வினாவாகும்.

இவ்வினா வெறும் மரியாதையைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. இரவு வயல் ஆளற்ற இடமென்று எண்ணுதல் பெரும் பிழை. முறைத்தண்ணீர் நள்ளிரவில் வருமாயின் கமக்காரரும் நள்ளிரவிலேயே மண்வெட்டியுடன் வருவார். வக்கடை திறக்கக் குனிந்து நிற்பவரின் முதுகும், வரம்போரத்தைக் கிளறும் பன்றியின் முதுகும் இருளில் வேறுபட்டுத் தோன்றுவதில்லை. காவற்குடிலில் உறங்குவோரும், விடியுமுன் மாடு தேடிச் செல்வோரும் இவ்வாறே ஆபத்துக்கு உள்ளாவர். நிலத்தாரிடம் அனுமதி கேட்கும்பொழுது, அன்றிரவு அந்நிலத்தில் யார், எங்கே, எந்நேரம்வரை இருப்பார் என்னும் செய்தியும் உடன் கிடைக்கின்றது. அனுமதியின் பெரும் பயன் இதுவேயாம்.

நிலத்தார் என்பவர் யார் என்பதிலும் தெளிவு வேண்டும். உறுதி ஒருவர் பெயரிலும் உழைப்பு வேறொருவர் கையிலும் இருக்கும் வயல்கள் பல. சொந்தக்காரர் பட்டினத்திலிருந்து, “தாராளமாகச் சுடுக” என்று சொல்லிவிடுதல் எளிது. குடிலிற் பிள்ளைகளுடன் படுத்திருப்பவர் குத்தகைக் கமக்காரரே. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அவருடைய செய்கை உரிமைக்குக் காப்பளித்தது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் அவ்வுரிமைக்குக் காப்பளிக்கின்றது. ஆகவே சொந்தக்காரருக்கு அறிவித்தலுடன், பயிர் செய்பவரிடம் நேரிற் கேட்டலும் வேண்டும். இருவருள் ஒருவரை மாத்திரமே கேட்க இயலுமாயின் வயலில் இருப்பவரையே கேட்டல் நன்று. அவரைக் கேளாமல் இருளிற் புகுந்தவர், திருடன் என்று கருதப்பட்டாலும் குறைகூற இடமில்லை.

இவ்வொழுங்கு இந்நாட்டிற்குப் புதியதுமன்று. வேடர் சமுதாயத்தைப் பற்றிச் செலிக்மன் தம்பதியினர் 1911இல் வெளியிட்ட நூலில், வேடர் தத்தம் வேட்டை எல்லையைத் திட்டமாக அறிந்திருந்தனர் என்றும், உடன்பிறந்தாரின் எல்லைக்குள்ளேனும் கேளாமல் வேட்டையாடுவதில்லை என்றும் கூறப்பட்டுள்ளது. ஒருவர் எய்த விலங்கு மற்றொருவர் எல்லையிற் சென்று வீழ்ந்தால், அந்நிலத்தாருக்கும் இறைச்சியிற் பங்கு உண்டு. வேலியும் உறுதியும் இல்லாத காட்டிலேயே இத்துணை ஒழுங்கு இருந்ததாயின், வரம்பு கட்டிய வயலில் அது குறைவுபடுவது வியப்புக்குரியது.

அனுமதி கேட்பதற்கு ஏற்ற காலம் பன்றி வந்த இரவு அன்று. போகம் தொடங்குமுன் கூடும் ஆரம்பக் கூட்டமே அதற்கு ஏற்றது. விதைப்புத் திகதியும் நீர் திறக்கும் நாளும் வேலி அடைக்கும் முறையும் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. காவலையும் அவற்றுடன் சேர்த்துக்கொள்ளலாம். எவருடைய துவக்கு, எந்த வரம்பிலிருந்து எந்த வாய்க்கால்வரை, எந்நேரம் முதல் எந்நேரம்வரை என்பனவற்றைக் கமக்காரர் அமைப்பின் குறிப்பேட்டில் எழுதி, உரியவர்கள் கையொப்பமிடுதல் நன்று. கிழக்கில் வட்டைவிதானையார் இருக்குமிடங்களில் அவருக்கும் அறிவித்தல் வேண்டும். வாய்ச்சொல் போதாதோ என்று சிலர் கேட்பர். வெடி பட்ட மாட்டின் விலையைப் பேசும் நாளில் வாய்ச்சொல் ஒருவருக்கும் நினைவில் இருப்பதில்லை.

இசைய மறுப்பவரும் இருப்பர். பூரணை நாளிலோ விரத நாட்களிலோ தம் நிலத்தில் உயிர்க்கொலை வேண்டாம் என்பவரும், கன்றுகாலி கட்டியிருப்பதால் அஞ்சுபவரும் உளர். அவர் காரணம் கூறக் கடமைப்பட்டவரல்லர். அவருடைய வரம்பு வரையுமே துவக்குச் செல்லுதல் முறை. ஆயினும் பொதுவேலி அடைப்பதிலும் இராக்காவலிலும் தம் பங்கினை அவர் செய்தல் நியாயம். முஸ்லிம் கமக்காரரின் வயலிற் பன்றி வீழ்ந்தால், அதனை அங்கே வைத்து அறுக்காமலும் அவருடைய வாய்க்கால் நீரில் அலசாமலும் உடனே அப்புறப்படுத்தல் வேண்டும். அயலவர் உறவு பல போகங்களுக்கு உரியது.

நிலத்தார் இசைந்துவிட்டார் என்பதனால் எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடாது. காட்டுப்பன்றி, 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கும் விலங்குகளுட் சேர்ந்ததன்று. ஆனால் மான், மரை, மயில் முதலியன காக்கப்படுவன. அவை பயிரை அழிப்பினும், அவற்றைச் சுட இசைவு கொடுக்க நிலத்தாருக்கு அதிகாரமில்லை. துவக்கின் அனுமதிப்பத்திரமும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. அது உரியவருக்கு மாத்திரமே செல்லும். மாமனின் துவக்கை மருமகன் எடுத்துச் செல்லுதல் குற்றமாகும்.

கட்டுத்துவக்கு, சுருக்குத்தடம், வெடிமருந்து பொதிந்த இரை என்பன பற்றி விசேடமாகக் கூறவேண்டியுள்ளது. துவக்குடன் நிற்கும் மனிதனுக்குக் கண் உண்டு. வரம்பிற் கட்டிய துவக்குக்குக் கண் இல்லை. அதிற் காலை இழந்தோருட் பெரும்பாலார் கமக்காரரே. மரக்கறி வளரும் மலைநாட்டிலே சுருக்குத்தடம் செய்யும் கேடு சிறிதன்று. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியிலே தடத்திற் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை ஒன்று, மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் பிழைக்கவில்லை. வெடி பொதிந்த இரையைக் கடித்து வாய் சிதைந்த யானைக்கன்றுகள் பசியால் நாட்கணக்கில் வருந்தி இறக்கின்றன. தம் நிலத்தில் இவற்றை வைக்க ஒருவர் கேட்பாராயின் மறுத்தலே தக்கது.

துவக்குப் பிடிப்பவரைப் பொறுத்தவரை, பரண்மேலிருந்து நிலத்தை நோக்கிக் கீழ்முகமாகச் சுடுவது நன்று. குறி தப்பின் குண்டு மண்ணிற் புதையும். சமநிலையில் நின்று சுட்டால் அது வயலைக் கடந்து செல்லும். நீர் நிற்கும் வயலிலோ நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறிக்கும். மேலும், துவக்கு ஒன்றினாலேயே பன்றி ஒழிந்துவிடும் என்று நம்பலாகாது. பெண்பன்றி நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைந்த காலத்திற் பல குட்டிகளை ஈனும். வேலியும் விழிப்பும் இல்லாதவிடத்து, சுட்ட பன்றியின் இடத்தை மற்றொன்று விரைவில் நிரப்பிவிடும்.

வீழ்ந்த பன்றியின் பங்கினை நிலத்தாருக்கு அளித்தல் பல ஊர்களில் உள்ள நல்வழக்கம். எனினும் சுடப்படாமலே இறந்து கிடக்கும் பன்றியைத் தொடலாகாது. 2024ஆம் ஆண்டின் இறுதிப்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இந்நாட்டுப் பன்றிப்பண்ணைகளிற் பரவிற்று. இது மனிதரைப் பற்றுவதில்லை. ஆனால் காட்டுப்பன்றியையும் வீட்டுப்பன்றியையும் கொல்லும். இறைச்சி வழியாகவும், கத்தி, செருப்பு வழியாகவும் ஊர்விட்டு ஊர் செல்லும். ஆதலின் அவ்வாறான உடலைக் கண்டவர் அதனை வெட்டாமல், அண்மையிலுள்ள அரச மிருகவைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

காயம்பட்டு ஓடிய பன்றியை அன்றிரவே தொடர்தல் ஆகாது. புதரில் மறைந்திருந்து பாயும். விடிந்தபின், அது புகுந்த நிலத்துக்குரியவரைக் கண்டு சொல்லி, அவரையும் உடன் அழைத்துக்கொண்டே தேடுதல் வேண்டும். அதுவரை அவ்வரம்பில் ஒருவரும் இறங்காதபடி இரவிலேயே அயற் குடில்களுக்குக் குரல் கொடுத்து அறிவித்துவிடுவது துவக்குப் பிடித்தவரின் பொறுப்பாகும்.