கணிப்பொறிப் பேரேடும் நம் கடமையும்

சங்கக் கணக்குகள் கணிப்பொறிக்கு மாறிவருகின்றன. அங்கத்தினர் எண்ணைக்கொண்டு பங்கு, கடன், சரக்குப் பேரேடுகளை இணைக்கவல்ல மென்பொருள்களுள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஒன்றாகும். 1986-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தோன்றிய இதற்குத் தனி முதலாளி இல்லை. எவரும் இலவசமாகப் பெறலாம், பிழையை அறிவிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம்.

பிப்ரவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் மாதங்களில் திருத்தங்கள் வெளிவருகின்றன. ஒவ்வொரு பெரும்பதிப்பும் ஐந்தாண்டுகளே பராமரிக்கப்படும். 2020-இல் வந்த 13-ஆம் பதிப்புக்கு 2025 நவம்பருடன் திருத்தம் நின்றது.

திருத்தம் இலவசமாயினும் தானே வந்து சேராது. ஏற்றாது விட்டால் கணக்குப் பழுதாகலாம், அந்நியர் கைவைக்கலாம். எனவே, பொன்னேரி விவசாயியாயினும் பொதட்டூர்ப்பேட்டை நெசவாளராயினும், பேரவைக் கூட்டத்தில் காரியதரிசியிடம் மூன்று கேள்விகள் கேட்பீராக: பதிப்பு எது? கடைசித் திருத்தம் ஏற்றப்பட்டதா? கணக்கின் நகல் வேறிடத்தில் பத்திரமாக உள்ளதா?