அவசரத்துக்கு முன்பே விசாரிப்போம்

மதிய உணவு இடைவேளை முடிந்து ஐந்தாம் பாடவேளைக்கான மணி அடித்துவிட்டது. எங்கள் கணித ஆசிரியர் மட்டும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. "வாயுவா இருக்கும் டீச்சர், கொஞ்ச நேரம் உட்கார்ந்தா சரியாயிடும்" என்றார். ஜனவரி மாதக் குளிரிலும் அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டே பேசினார். அவருக்கு வயது 52.

நான் குடியிருப்பது சேலம் ஃபேர்லேண்ட்ஸில். சாரதா கல்லூரி சாலை, ஐந்து ரோடு, புதிய பேருந்து நிலையம் என எந்தப் பக்கம் நடந்தாலும் மருத்துவமனைப் பெயர்ப் பலகைகள்தாம். நாமக்கல், தருமபுரி பக்கமிருந்தும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். அதனால் அவசரத்துக்கு மருத்துவர் கிடைக்காமல் போவார் என்று நான் நினைத்ததே இல்லை.

அன்று சக ஆசிரியரின் காரில், '24 மணி நேர அவசர சிகிச்சை' என்று பலகை வைத்திருந்த ஒரு சிறிய மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றோம். செவிலியர் இ.சி.ஜி. எடுத்தார். அதைப் பார்க்க வேண்டிய மருத்துவர் அங்கே இல்லை. "வந்துகொண்டிருக்கிறார்" என்ற பதிலிலேயே நாற்பது நிமிடம் போயிற்று. பிறகு, "இங்கே வசதி இல்லை, வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள்" என்றார்கள். 108-ஐ அழைத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தோம். அவர் பிழைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்துப் பணிக்கும் திரும்பினார். ஆனால் இன்று மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முன்னதாக வந்திருந்தால் இதயத் தசையில் இன்னும் கொஞ்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னது எங்கள் மனத்தில் தங்கிவிட்டது.

நாளைய பாடத்துக்கு இன்றே குறிப்பெழுதும் நாம், இதற்கு எந்தத் தயாரிப்பும் செய்யவில்லை. அதன்பின் நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

அவசரத்தில் விசாரிக்கக் கூடாது

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், நிற்காத இரத்தப்போக்கு, பாம்புக்கடி, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தால் தகுதி, கட்டணம், காப்பீடு எதையும் ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. உடனே 108. தமிழ்நாட்டில் இச்சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அழைப்பவர் சொல்ல வேண்டியவை: இடம், அருகிலுள்ள அடையாளம், நோயாளியின் வயது, என்ன நடந்தது, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. ஆம்புலன்சில் முதலுதவி வழியிலேயே தொடங்கிவிடும். எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்பதற்கும் அதில் வருபவர் வழிகாட்டுவார்.

அரசு மருத்துவமனைகளின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகை பிரிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து உள்ளவர் சிவப்பு. அவருக்கே முதலிடம். நமக்குப் பின்னால் வந்தவரை முன்னே அழைத்துச் செல்வது இதனால்தான்.

காவல்துறை நடைமுறைகளைக் காரணம் காட்டி அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் உயிர் காப்பதே முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தது. சாலை விபத்தில் காயமடைந்தவரைச் சேர்ப்பவருக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பள்ளி வாசலில் விபத்து நடந்தால் தயங்க வேண்டியதில்லை.

அமைதியான நாளில் கேட்க வேண்டியவை

விசாரிப்பதை ஒரு சனிக்கிழமையில் வைத்துக்கொள்வோம். பள்ளிக்கும் வீட்டுக்கும் அருகே இரண்டு மூன்று மருத்துவமனைகளில் இவற்றைக் கேட்டால் போதும்: இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மருத்துவர் உள்ளேயே இருப்பாரா, அழைத்தால்தான் வருவாரா? மாரடைப்புக்கு ஆஞ்சியோ செய்யும் வசதி உண்டா? பக்கவாதத்துக்கு எந்நேரமும் சி.டி. ஸ்கேன் எடுக்க முடியுமா? பாம்புக்கடிக்கான விஷமுறி மருந்து இருப்பில் உள்ளதா? குழந்தைகளுக்கான மருத்துவர் யார்?

நெஞ்சுவலியுடன் வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து மருத்துவர் பார்த்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள வழிகாட்டு நெறி. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெயர்ப் பலகையை விட்டு மேற்கண்ட கேள்விகளைக் கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

மருத்துவரின் தகுதியை எப்படிப் பார்ப்பது?

நவீன மருத்துவம் பார்ப்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை மருத்துவமனையிலும் மருந்துச் சீட்டிலும் குறிப்பிட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதி. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். வேறு மாநிலத்தில் பதிவு செய்தவரை தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் தேடலாம். சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி மருத்துவர்களுக்குத் தனிப் பதிவு உண்டு.

அவசர மருத்துவம் தனி மேற்படிப்பாக இந்தியாவில் அங்கீகாரம் பெற்றது 2009-இல்தான். எம்.டி. அல்லது டி.என்.பி. 'எமர்ஜென்சி மெடிசின்' என்று பெயருக்குப் பின் இருந்தால் அவர் அந்தத் துறையில் மேற்படிப்பு முடித்தவர். குறுகிய காலச் சான்றிதழ் படிப்புகளும் உள்ளன, அவை பட்ட மேற்படிப்புக்கு இணையாகா. அதேநேரம், அவசரப் பிரிவில் எம்.பி.பி.எஸ். மருத்துவர் பணியில் இருப்பது குறையன்று. அவர் அழைத்தால் உடனே வரக்கூடிய மூத்த மருத்துவர் இருக்கிறாரா என்பதையே பார்க்க வேண்டும். எங்களுக்கு அன்று இல்லாமல் போனது அதுதான்.

இப்படிக் கேட்பது அவமதிப்பாகாது. "என் பிள்ளைக்கு வகுப்பாசிரியர் யார், என்ன படித்திருக்கிறார்?" என்று பெற்றோர் கேட்டால் நாம் கோபித்துக்கொள்கிறோமா?

மருத்துவர்களும் தங்கள் தொழிலுக்கு இழப்பீட்டுக் காப்பீடு எடுப்பதுண்டு. கட்டணம் பெற்றுத் தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னபின் அது பரவலாயிற்று. நோயாளியின் கையில் இருக்க வேண்டியது அவருடைய சொந்தக் காப்பீட்டு அட்டை.

அட்டையை எடுத்துப் பாருங்கள்

எங்கள் ஆசிரியரின் துணைவியார் அன்று பீரோவைக் கலைத்துத் தேடி எடுத்தது பழைய திட்டத்தின் அட்டை. அரசு ஊழியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2021 ஜூலை 1-இல் புதுப்பிக்கப்பட்டது. நான்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 10 லட்சம் என்பது அப்போது அதன் வரம்பாக இருந்தது. மாதச் சம்பளத்தில் பிடித்தம் ஆகிறது என்பதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம்.

அட்டையில் துணைவர், பிள்ளைகள் பெயர் சரியாக உள்ளதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு 25 வயது வரை, அதற்குமுன் வேலையோ திருமணமோ ஆனால் அதுவரை மட்டும். பலர் தவறாக நினைத்திருப்பது ஒன்று உண்டு: பெற்றோர் இதில் சேர்வது ஆசிரியர் மணமாகாதவராக இருந்தால் மட்டுமே. மணமான ஆசிரியர்கள் பெற்றோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும்.

கட்டணமில்லாச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். அவசரத்தில் வேறு இடத்தில் சேர்க்க நேர்ந்தால், அவசர நிலை என்று மருத்துவர் எழுதிய சான்று, அசல் ரசீதுகள், விடுவிப்புச் சுருக்கம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவமனை பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டுமே ஓர் அரசு ஊழியருக்குச் செலவுத் தொகையை மறுக்க முடியாது என்று 2018-இல் சிவ காந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

நம் மாணவர்களின் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. சாலை விபத்துக்கு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வருமான வரம்பு கிடையாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இவற்றைச் சொல்லலாம். எங்கள் கூட்டத்தில் சொன்னபோது, காப்பீட்டு அட்டையே இல்லாத பெற்றோர் சிலர் எழுந்து நின்று விவரம் கேட்டார்கள்.

சுவரில் ஒரு தாள்

இப்போது எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். 108, 104, மாரடைப்புக்கு எங்கே, குழந்தைக்கு எங்கே, பாம்புக்கடிக்கு எங்கே, அங்கே மருத்துவர் இருக்கும் நேரம், ஒவ்வோர் ஆசிரியருக்கும் இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண், அட்டை வைத்திருக்கும் இடம். ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை சரிபார்க்கிறோம்.

தாளைக் கட்டம் போட்டு எழுதியவர் கணித ஆசிரியர். அவருடைய வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டோம். டிசம்பரில் சரிபார்த்தபோது ஒரு மருத்துவமனையில் இரவு மருத்துவர் இப்போது இல்லை என்று தெரிந்தது. அவரே சிவப்பு மையால் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் தேதியும் போட்டார்.